ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல்

போன மார்கழியில் நடந்தது இது. நாங்கள் இருப்பது திருபுவனை பக்கம். என் கணவருக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. நாலாவது படிக்கும் எங்கள் மகள்தான் வகுப்பிலேயே குட்டை. இரண்டு வருடமாக அவளுக்கு யூனிஃபார்ம் அளவே மாறவில்லை. துணிச்செலவு மிச்சம் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டர் பொறுமையாக விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். வளர்ச்சி ஹார்மோன் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் நாள் முழுக்க ஒரே சீராக வராது. ஆழ்ந்து தூங்கும்போது நிறைய வரும், ஓடியாடி விளையாடினால் வரும், மற்ற நேரங்களில் இருக்கிற இடமே தெரியாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அடங்கிவிடும். அதனால் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை கொடுத்து, அதைச் சுரக்கத் தூண்டி, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். ஏற்கெனவே வேறு மருந்து கொடுத்துச் செய்த பரிசோதனையில் குறைவாகத்தான் வந்திருந்தது. இதிலும் குறைந்தால் தினமும் ஊசி, வருடக்கணக்கில். “தண்ணியத் தவிர எதுவும் குடுக்காதீங்க” என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

பரிசோதனை அன்று விடியற்காலை மூவரும் பைக்கில் கிளம்பினோம். வில்லியனூர் வந்ததும், “ஒரு நிமிஷம் சாமிய கும்பிட்டுட்டுப் போயிடலாம்” என்றார் கணவர். எனக்கும் அது தேவையாகத்தான் இருந்தது. அப்பாவும் மகளும் சந்நிதியில் நிற்க, நான் அம்மனுக்கு விளக்கேற்றப் போனேன். பிறகு நேராக ஆஸ்பத்திரி.

“புள்ள எதனா சாப்டுச்சா?” என்று நர்ஸ் கேட்டார். இல்லை என்று அடித்துச் சொன்னேன். மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகளுக்குக் கண் சொருகியது. தூக்கம் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் உதடு வெளுத்து, கை சில்லிட்டுப் போகும் என்று நான் நினைக்கவில்லை. பிரஷர் பார்த்த நர்ஸ், காலைத் தூக்கி வைக்கச் சொல்லிவிட்டு அவசரமாக சலைன் ஏற்றினார். நான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், அவள் கண்ணைத் திறக்கவில்லை. “இந்த மாத்திரைக்கு சில புள்ளைங்களுக்கு இப்படி ஆவும்மா, பாத்துக்கலாம்” என்றார் நர்ஸ். அப்படிச் சொன்னாரே தவிர, கட்டிலை விட்டு அவர் நகரவேயில்லை. அதைப் பார்த்து எனக்குப் பயம் இன்னும் கூடியது. பாழாய்ப்போன உயரம் எதற்கு, எழுந்து உட்கார்ந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

கடைசி ரத்தமும் எடுத்தாயிற்று. பிரஷர் மெல்ல ஏறியது. மகள் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது இதுதான்: “அப்பா, கோயில்ல குடுத்தியே பொங்கலு, இன்னும் கொஞ்சம் கீதா?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“இன்னாங்க சொல்றா இவ?”

“சாமி பிரசாதம்டி. அது இன்னா சாப்பாட்டுல சேத்தியா? ஐயரு தொன்னையில வெச்சி நீட்டும்போது வேணாம்னு சொல்ல முடியுமா?”

தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இடம் ஆஸ்பத்திரி என்பதே மறந்துபோனது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விரதம் இருப்பவர்கள்கூடப் பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். நீட்டியது என்னிடமாக இருந்தாலும் நானும் வாங்கி ஊட்டியிருப்பேன்.

“சொன்னா மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. அவ கெடந்த கெடப்பப் பாத்தல்ல? வுட்டுடு” என்றார் தாழ்ந்த குரலில். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. சொல்லக் கூடாது என்றுதான் எனக்கும் இருந்தது. அந்தப் பிஞ்சுக் கையில் மறுபடி ஊசியா? நர்ஸ் ரத்தக் குழாய்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு நடந்தார். கதவு வரை போய்விட்டார்.

“சிஸ்டர், நில்லுங்க” என்று கூப்பிட்டது என் கணவர்தான். “புள்ள சாப்டுடுச்சி. நாந்தான் குடுத்தேன்.”

நர்ஸ் விட்ட டோஸை இங்கே எழுத முடியாது. வார்டே எங்களை வேடிக்கை பார்த்தது. டாக்டர் மட்டும் கத்தவில்லை. “இத வெச்சி ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. இன்னொரு நாள் வாங்க” என்றார்.

மறுமுறை கிளம்பும்போது மகள் பைக்கில் ஏற மாட்டேன் என்று வாசலில் உருண்டு அழுதாள். கணவர் அவளைத் தூக்கி உட்கார வைத்தார், வழியில் எங்கும் நிறுத்தவில்லை. அன்றும் பிரஷர் இறங்கியது, அன்றும் நான் செத்துப் பிழைத்தேன். முடிவு வந்தது: ஹார்மோன் போதுமான அளவு சுரக்கிறது, ஊசி தேவையில்லை. சில பிள்ளைகள் நிதானமாகத்தான் வளரும், நேரத்தோடு தூங்கட்டும், நன்றாக விளையாடட்டும், அவ்வப்போது உயரம் பார்ப்போம் என்றார் டாக்டர். கணவர் வெளியே வந்து சுவரோரம் திரும்பி நின்று அழுதார்.

முதல் நாள் எடுத்த ரத்தத்தில் என்ன வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பெற்ற நாங்கள் இருவரும் அவள்மேல் வைத்த பாசத்தால்தான் அன்று வாயை மூடிக்கொள்ளப் பார்த்தோம். பொங்கல் சர்க்கரையால் ஹார்மோன் குறைவாகக் காட்டியிருந்தால், ஒரு நாள் ஊசிக்குப் பயந்த அந்தப் பாசமே வருடக்கணக்கில் அவள் உடம்பில் ஊசி போட வைத்திருக்கும்.