மடிக்காமல் கொடுத்த மனு

அந்தப் படம் பொதுக் கலைக்கூடத்தின் இரண்டாம் அறையில் தொங்குகிறது. ஒரு குளம். கரையில் பனைகள். பின்னால் கரைந்த நீலத்தில் மேற்கு மலை. தண்ணீர் சிவப்பு. கீழே அட்டை: ‘அந்தியில் ஒரு குளம். நீர்வண்ணம். வரைந்தவர்: சங்கரன்கோவில் வட்டாரப் பெண்மணி.’

பெண்மணிக்குப் பெயர் உண்டு. இசக்கிச்செல்வி. கிளுவைக்குளத்தங்கரை அங்கன்வாடியில் உதவியாளர். திருவேங்கடத்துக் கரிசலில் பிறந்தவர். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டியவருக்கு வாக்கப்பட்டு, அவர் இறந்தபின் இந்த வேலைக்கு வந்தார். படம் வரைய யாரும் கற்றுத்தரவில்லை. அங்கன்வாடிச் சுவரில் கிளியும் ரயிலும் வரையச் சொன்னார்கள். வரைந்தார். ரயிலைப் பார்த்துப் பிள்ளைகள் கூவினார்கள். ஓவிய வாழ்க்கை அவ்வளவுதான்.

குளத்துக்கு மேலே ஒரு சாயப்பட்டறை வந்தது. கழிவைக் குளத்தில் விட்டார்கள். முதலில் குளம் சிவந்தது. பிறகு அங்கன்வாடி அடிபம்பில் பீட்ரூட் கழுவியதுபோல் தண்ணீர் வந்தது. பிள்ளைகளுக்கு வாயோரம் புண்.

செல்வி குளத்தைப் போனில் எடுத்து, மனுவோடு சேர்த்துக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாளில் கொடுத்தார். வாங்கியவர் போட்டோவை விரலால் தட்டினார்.

“இப்பல்லாம் போன்ல எந்தக் கலர் வேணும்னாலும் வைக்கலாம்மா.”

“பிள்ளைக வாய்ல இருக்க புண்ணையும் நான்தான் வச்சேனா சார்?”

அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அந்தக் கோபத்தில் பிறந்தது படம். கையால் வரைந்ததை யாரும் போன் வித்தை என்று சொல்ல முடியாது என்று நினைத்தார். மத்தியானம் பிள்ளைகள் தூங்கியதும், ஒரு கெட்டித் தாளோடும் அங்கன்வாடி வண்ணப் பெட்டியோடும் கரையில் உட்கார்ந்தார். பெட்டியில் சிவப்பு இல்லை. பிள்ளைகளிடம் சிவப்புதான் எப்போதும் முதலில் தீரும். செல்வி பிரஷைக் குளத்தில் முக்கித் தாளில் வைத்தார். வேறு சிவப்பு தேவைப்படவில்லை.

தாளின் பின்பக்கம் மனுவை எழுதினார்.

மனு கொடுக்க வருகிறவர்கள் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையிலோ இடுப்பிலோ செருகி வருவார்கள். செல்விக்கு மடிக்க மனம் வரவில்லை. இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவே வைத்து, பஸ்ஸில் நெஞ்சோடு பிடித்தபடி போனார். துணைக்கு ஆட்டோ ஓட்டும் தாஹா வந்திருந்தான். அவன் மகள் ஷிரின் பானுவும் அந்த அடிபம்பில்தான் குடிக்கிறாள்.

“யக்கா, இது மனுவா, கல்யாண ஆல்பமா?”

“சும்மா வாலே. கசங்கிராம.”

அதிகாரி படத்தைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “நீங்க வரைஞ்சதா? பிரமாதம்! ஒரு மடிப்பு இல்ல, கசங்கல் இல்ல.”

“பின்னாடி எழுதிருக்கேன் சார். கொளத்துத் தண்ணி…”

“தண்ணிதாம்மா ரொம்ப நல்லா வந்திருக்கு.”

அவர் படத்தைத் திருப்பவே இல்லை. யாரோ ஒரு சால்வை கொண்டுவந்தார்கள். போர்த்தினார்கள். கை தட்டினார்கள். மனுநாளில் சால்வையோடு திரும்பிய ஒரே ஆள் செல்விதான். சால்வை குளத்துக்காக என்று அன்று நம்பினார். அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றும் அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பட்டறை ஓடியது. பதில் வரவில்லை. மாதங்கள் கழித்து, படம் கலைக்கூடத்தில் தொங்குவதைத் தாஹா போனில் பார்த்துச் சொன்னான். இருவரும் போனார்கள். செல்வி அட்டையை வாசித்தார். அறைக் காவலாளியைக் கூப்பிட்டார்.

“இது அந்தி இல்ல, சார். மத்தியானம். அது சாயம். பின்னாடி மனு இருக்கு, திருப்பிப் பாருங்க.”

“பின்னால அட்டை வச்சு ஒட்டியாச்சும்மா. ஃப்ரேம் போட்டா அப்படித்தான்.”

“அப்போ எம் மனுவ யாரு படிப்பா?”

“வாரவுக எல்லாம் நின்னு பாத்துட்டுத்தான் போறாவ. ஒங்களுக்குப் பெருமதான?”

“பெருமைய அடிபம்புல அடிச்சுப் பிள்ளைகளுக்கு ஊத்தவா? படத்தக் குடுங்க.”

“அது அரசாங்கச் சொத்தும்மா. தொடக் கூடாது.”

குளத்தைக் கெடுத்தவனை யாரும் தொடவில்லை. குளத்தின் படத்தைத் தொடக் கூடாது. பிள்ளைகளுக்காக எழுதிய மனுவின் முகம் சுவரைப் பார்த்து இருக்கிறது. எதிரே நின்று ஆட்கள் அந்தியை ரசிக்கிறார்கள்.

மறுநாள் செல்வி மறுபடியும் கரைக்குப் போனார். இந்த முறை பனை இல்லை, மலை இல்லை, கரைகூட இல்லை. தாளை முழுசாகக் குளத்தில் முக்கி எடுத்து வெயிலில் காயவைத்தார். காய்ந்ததும் அதன் மேலேயே, முன்பக்கத்தில், பால்பாயிண்ட் பேனாவால் மனுவை எழுதினார். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போக வந்த தாஹா எட்டிப் பார்த்தான்.

“இதுவும் நல்லாத்தான் இருக்கு, யக்கா.”

“வாய மூடுலே.”

செல்வி தாளை இரண்டாக மடித்தார். பிறகு நாலாக. ஒவ்வொரு மடிப்பையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்தித் தேய்த்தார். இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.