முத்தட்டும் என்றார்கள்

என் அக்கா சட்டைக் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் சட்டைகளில் கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். கொசு உட்கார்ந்துபோன இடத்தைக்கூட விடமாட்டாள் என்று சூப்பர்வைசரே கிண்டல் செய்வார்.

அந்தக் கண்ணில்தான் புரை விழுந்தது. டியூப்லைட்டைச் சுற்றிப் புகையாகத் தெரிகிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். பக்கத்து மேஜைக்காரி தடுத்துவிட்டாள். யாருக்கு என்ன வந்தாலும் வைத்தியம் சொல்வதால் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர்.

"புரை நல்லா முத்தணும்க்கா. பிஞ்சுல கைவச்சா கண்ணே போயிடும்."

அக்காவுக்கு அது வேதவாக்கு. "இந்த ஆர்டர் முடியட்டும்டி, அதுக்குள்ள முத்திடும்" என்றாள். முத்தட்டும் என்று காத்திருக்க அதென்ன பூசணிக்காயா! தலைதலையாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே!

பார்வை மங்க மங்க, விரலால் தடவி வேலை பார்த்தாள். தையல் விட்டிருந்தால் கைக்குத் தட்டுப்படும், ஓட்டையும் தட்டுப்படும். கறை தட்டுப்படுமா? மெஷின் எண்ணெய்க் கறையோடு ஒரு பெட்டிச் சட்டை அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கே அவளை நூல் வெட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள்.

"நல்லதுதான், முத்திடுச்சுன்னு அர்த்தம்" என்று சிரித்தாள் பாவி.

மறுவாரம் இடது கண் சிவந்து, தலை வெடித்துவிடும்போல வலி, வாந்தி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"முத்தற வரைக்கும் காத்திருக்கிறதெல்லாம் அந்தக் காலம்மா" என்றார் டாக்டர். "மங்க ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா சின்ன ஆபரேஷன். இப்ப புரை ஊதி, அழுத்தம் ஏறி, நரம்பே செத்துப்போச்சு."

வலது கண்ணிலும் அதே கதைதான், வலி மட்டும் இல்லை. இரண்டிலும் புரையை எடுத்தார்கள். கட்டவிழ்த்ததும், "ஜன்னல் பக்கம் வெளிச்சமா இருக்கு" என்றாள். இன்றுவரை அவ்வளவுதான்.

டாக்டரம்மா வீட்டுக்குப் பார்க்க வந்தாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கும் மங்கலாத்தான்க்கா தெரியுது. இன்னும் முத்தலை போல."

அக்கா துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"செருப்பைப் போடு. இப்பவே போறோம்."

"நாளைக்கு ஷிப்மென்ட் இருக்கேக்கா..."

"அதையேதான்டி நானும் சொன்னேன்!"

கத்திக்கொண்டே எழுந்தவள், கதவென்று நினைத்துப் பீரோவில் போய் முட்டிக்கொண்டாள். பிடித்த கையை மட்டும் விடவில்லை.