பழைய பேட்ஜ், புதிய மரம்

அக்கா ஒரு டிரம்மைக் கையில் எடுத்ததும் தட்டிப் பார்க்க மாட்டார். தோலைக் கழற்றிவிட்டு, டார்ச் லைட் அடித்து, உள்ளே தலையை விட்டுப் பார்ப்பார். அந்த நேரத்தில் கடையில் யாரும் பேச மாட்டோம். அவர் தலையை வெளியே எடுக்கும்போது ஒரு பழைய டிரம் செட்டுக்கு வயது கிடைத்திருக்கும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் கடை அது. நான் விற்பனையைப் பார்த்துக்கொண்டேன். நாங்கள் எல்லோரும் அக்கா என்று அழைத்தவர் டிரம்களைச் சோதித்தார். எந்த ஆண்டு செய்தது என்று ஒரு சின்ன அட்டையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, டிரம்மின் உள்ளே ஒட்டுவார். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள்கூட அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள்.

வெளியில் பதித்த கம்பெனி பெயர் பேட்ஜை வைத்து வயது சொல்பவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். அமெரிக்காவில் பெயர்பெற்ற ஒரு டிரம் கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கிய கதையை அடிக்கடி சொல்வார். கை மாறிய பிறகும் பழைய பேட்ஜ்கள் பெட்டி பெட்டியாக மிச்சம் இருந்தனவாம். அவற்றையே புதிய டிரம்களிலும் அடித்து அனுப்பினார்களாம். ஆனால் உள்ளே மரம் மெலிந்தது, விளிம்பைத் தாங்கிய வளையம் காணாமல் போனது, தேதி முத்திரை குத்துவதும் நின்றது. "பேரு கடைசியாத்தான் மாறும் தம்பி. மொதல்ல உள்ளுக்குள்ள மாறிடும்," என்பார்.

எங்கள் கடையும் கை மாறியது. பழைய முதலாளி வயதாகிவிட்டது என்று விற்றுவிட்டுப் போனார். புதிதாக வந்தவரை நாங்கள் பாஸ் என்று அழைத்தோம். பெயர்ப்பலகையை அவர் தொடவே இல்லை. பித்தளைத் திருகுகள் இருந்த டப்பாவில் மட்டும் ஒரு நாள் மலிவான இரும்புத் திருகுகள் இருந்தன. அடுத்த மாதம், பழுது பார்க்கும் சீனப் பெரியவர் வேலைக்கு வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அக்கா அந்தத் திருகு ஒன்றை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினார்.

பிறகுதான் அந்தச் சிவப்பு டிரம் செட் வந்தது. உள்ளே பார்த்த அக்கா, "பேட்ஜ் பழசு, மரம் புதுசு. கம்பெனி கை மாறுனதுக்கு அப்புறம் செஞ்சது, பாஸ்," என்றார். பழைய ஆண்டையே எழுதச் சொன்னார் பாஸ். அக்கா பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் தங்கை கல்யாணத்துக்காக அக்கா கேரி தீவுக்குப் போயிருந்தார். பாஸ் வெற்று அட்டை ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"நீங்கதான் தினமும் அந்தக் கையெழுத்தப் பாக்குறீங்களே. ரெண்டு நிமிஷ வேலை லா."

"எழுதலைன்னா, பாஸ்?"

அவர் சீனப் பெரியவரின் காலி நாற்காலியைப் பார்த்தார். நான் எழுதினேன்.

கிள்ளானில் ஒரு சர்ச்சில் டிரம் வாசிக்கும் ஓர் அங்கிள் அந்தச் சிவப்பு செட்டை வாங்கிக்கொண்டார். இளமையில் இரவல் வாங்கி வாசித்த அதே காலத்து டிரம் ஒன்று சொந்தமாக வேண்டும் என்று, வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை காத்திருந்தவர். அக்கா திரும்பி வந்ததும் அந்த அங்கிள் அவருக்குப் போன் செய்தார். "உங்க அட்டைய நம்பித்தான் வாங்குனேன். சத்தம் அந்தக் காலத்து டிரம் மாதிரி இல்ல. ஒரு தடவ வந்து பாருங்கம்மா," என்றார். போனை வைத்த அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எந்த அட்டை தம்பி?"

"தெரியலக்கா," என்றேன்.

அந்தச் சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கோமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனார். ஷா ஆலம் தாண்டும்வரை டார்ச்சை மடியில் உருட்டிக்கொண்டே இருந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அங்கிள் வீட்டு ஹாலில் டிரம் செட் பளபளவென்று நின்றது. அக்கா தோலைக் கழற்றி டார்ச் அடித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டை எழுதும்போது ஏழு என்ற எண்ணின் நடுவில் அவர் எப்போதும் ஒரு கோடு போடுவார். நான் போடவில்லை என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

"அங்கிள், இத நான் எழுதல. இது நீங்க கேட்ட காலத்து டிரம்மும் இல்ல."

அங்கிள் மெல்ல உட்கார்ந்தார். "அப்ப யாரும்மா எழுதுனது?"

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "கடை எழுதிச்சு, அங்கிள்," என்றார்.

டிரம் செட் கடைக்குத் திரும்பி வந்தது. அதோடு அக்காவின் வேலையும் போனது. பொய் அட்டை எழுதி மாட்டிக்கொண்டவர் அவர்தான் என்று பாஸ் எல்லோரிடமும் சொன்னார். வேறு கடைகளும் அவரைக் கூப்பிடவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிவப்பு செட் மூன்றே மாதத்தில் பினாங்குக்கு விலை போனது.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இந்த வருடம் கடை மறுபடியும் கை மாறியது. அக்காவைப் பற்றிய பழிப்பேச்சு அடங்கிவிட்டது, அட்டைக்கு மட்டும் இன்னும் மதிப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்ட புதியவர்கள் அதைக் கட்டுக்கட்டாக அச்சடித்துவிட்டார்கள். கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருக்கிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் பெயர்தான், ஆனால் அது நான் போட்ட கையெழுத்து. எந்த டிரம்மையும் இப்போது யாரும் திறந்து பார்ப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, இப்போது கிள்ளானில் இருக்கும் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அட்டையை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தார்.

"இப்பச் சொன்னத எழுது. உன் பேர்ல எழுது."

எழுதினேன். கடைக்கு இது போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கீழே என் சொந்தக் கையெழுத்தைப் போட்டேன். அது எனக்கே அந்நியமாகத் தெரிந்தது. அக்கா தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு முறை படித்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தேதி போடு," என்றார்.