நண்டுப் பொந்தும் கௌசலாவின் பூச்சியமும்

மீன் கொண்டுவருகிற முபாறக்தான் அந்தக் கதையை அக்கராயன் ஊருக்குள் இறக்கினான்.

"நான் சொல்லேல்லை அக்கா, சந்தியில கதைச்சவை. உங்கட கௌசலாவைக் கம்பஸ் வேலையால நிப்பாட்டிப்போட்டினமாம். பகல் முழுக்கக் குளக்கட்டில தனியக் கதைச்சுக்கொண்டு திரியிறாவாம்."

நாகேஸ்வரி மீன் சட்டியோடு மகளிடம் வந்தாள். "ஒரு மாச லீவெண்டு சொன்னனீ. உண்மையைச் சொல்லு பிள்ளை."

"நடக்கிறதுதான் அம்மா என்ர வேலை."

"அப்ப எங்கட மாடும் விஞ்ஞானிதான்."

கௌசலா சிரித்துவிட்டாள். யுத்தம் முடிந்தபோது செட்டிகுளம் அகதி முகாமில் நிவாரணப் பெட்டிகளின் மட்டையைக் கிழித்து அதில் உயர்தரப் பரீட்சைக் கணக்குச் செய்தவள் அவள். யாழ்ப்பாணத்தில் பட்டம், இத்தாலியில் கலாநிதிப் பட்டம், இப்போது வவுனியாவில் பௌதிக விரிவுரையாளர். கோட்பாட்டுப் பௌதிகத்துக்கு ஆய்வுகூடம் வேண்டாம். பென்சிலும் கொப்பியும் நடக்க ஓர் இடமும் போதும். இதை ஊருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

ஒரு பொருளுக்குள் சக்தி எப்படிப் பரவுகிறது என்று மூன்று வருடமாகப் போட்ட கணக்கில் அந்தச் சக்தியில் ஒரு துண்டு குறைந்தது. எங்கே போனதென்று பிடிபடவில்லை. 'இன்று நான்கு மணிக்குப் போன் எடுப்பேன். அதற்குள் பிழை அகப்படாவிட்டால் கட்டுரையை மீளப் பெறுவோம்' என்று கட்டுரையைச் சேர்ந்து எழுதிய இத்தாலிப் பேராசிரியர் எழுதியிருந்தார்.

அன்றைக்கென்று அப்பா நடராசா கிளிநொச்சிக்குப் போய்விட்டார். வாய்க்கால் தண்ணீருக்கு அவர்களின் முறை. கௌசலாதான் வரம்பில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையை வெட்டித் தண்ணீரை வயலுக்குள் விட்டாள். கணக்கை நினைத்தபடி வரம்பைச் சுற்றி நடந்தாள். ஒரு மணித்தியாலம் போனது. வயல் நிரம்பவில்லை. பக்கத்து வயல் தயாபரன்தான் ஓடிவந்தார்.

"உங்கட தண்ணி முழுக்க என்ர வயலுக்க! நேற்றுத்தான் யூரியா எறிஞ்சனான், எல்லாம் கழுவுண்டு போகுது!"

"நாலு பக்கமும் வரம்பு இறுக்கம் அண்ணை. சுத்தி நடந்து பார்த்தனான்."

"நடந்தனீர், சரி. பார்த்தனீரோ? கண் முழுக்க நடுவயலுக்க. இஞ்சை வந்து குனிஞ்சு பாரும்."

வரம்பின் அடியில், கை நுழையுமளவுக்கு ஒரு நண்டுப் பொந்து. தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

குனிந்தவள் நிமிரவில்லை. கட்டுரையின் பத்தொன்பதாம் பக்கம்! பொருளின் எல்லையில் ஒன்றும் நடக்காதென்று சமன்பாட்டின் அந்த உறுப்பைப் பூச்சியமாக்கியவள் அவளேதான். மூன்று வருடமாக உள்ளுக்குள்ளேயே தேடியிருக்கிறாள். ஒழுகியது ஓரத்தால்.

"அண்ணை, நீங்கள் பேராசிரியராய் இருக்கவேண்டியவர்!"

"பகிடியை விட்டிட்டுப் பொந்தைப் பொத்தும். களிமண் வெட்டிக்கொண்டு வாறன்."

இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுப் பொந்தை அமத்தினாள். வரம்பில் வைத்த போன் அடித்தது. நான்கு மணி.

"எடுமன் பிள்ளை!" தயாபரன் தூரத்திலிருந்து கத்தினார்.

"கையை எடுத்தா உங்கட யூரியா போயிடும்! கெதியா வாங்கோ அண்ணை! பிறகு சந்தியிலயும் சொல்லுங்கோ, என்ர வேலை இத்தாலியில இருந்து கூப்பிடுதெண்டு!"

தயாபரன் களிமண் கட்டியைச் சுமந்துகொண்டு ஓடிவந்தார். போன் அடித்துக்கொண்டேயிருந்தது.