கதவு எண் இல்லாத பிள்ளை

பிள்ளைகளே, உங்களைப் பள்ளியில் சேர்த்த அன்று நம் வீட்டு விலாசத்தைச் சொன்னதோடு வேலை முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடிவதில்லை.

எழுபதுகளின் கடைசியில் திருப்பரங்குன்றம் ரயில்வே ஸ்டேஷன் அருகே சைக்கிள் கடை வைத்திருந்தேன். ஸ்டேஷன் சுவரோரம் அவித்த கடலை விற்று, மகளோடு அங்கேயே படுத்துக்கொள்ளும் ஒரு பெண் என்னிடம் வந்தாள்.

"பிள்ளைய பள்ளிக்கூடத்துல சேக்கணும். நீங்களும் வாங்கண்ணே, தனியாப் போனா வெரட்டிருவாக."

போனேன். தலைமையாசிரியர் சிறுமியிடம், கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொன்னார். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைகளுக்கு அப்போது அதுதான் வயதுக் கணக்கு. தொட்டுவிட்டாள். பிறந்த தேதி ஒன்றை அவரே யோசித்து எழுதிக்கொண்டார்.

"கதவு நம்பர் சொல்லும்மா."

"ஸ்டேசன் செவத்தோரம் இருக்கோம்யா."

"செவத்துக்கு நாங்க கடுதாசி போடவா? விலாசம் இல்லாம சேக்க முடியாது."

"கடுதாசி எதுக்குய்யா? ஒரு சத்தங் குடுத்தா ஓடியாந்துருவேன்."

அவர் பேனாவை மூடிவிட்டார். பிறந்த நாளையே கற்பனையாக எழுதிய கைக்கு ஒரு தெருப் பெயரை எழுத வலித்ததா? வீடில்லாதது அந்தக் குழந்தை செய்த குற்றமா? இப்போது நினைத்தாலும் அவர்மேல் கோபம் வருகிறது. அங்கே வாய்மூடி நின்ற என்மேல் அதைவிடக் கோபம்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு நான் மட்டும் பள்ளிக்குப் போனேன். நம் ரேஷன் கார்டை மேஜைமேல் வைத்து, "அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதவு நம்பரை எழுதிக்கங்க சார்" என்றேன். அவர் எழுதி முடிக்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.