தலையில் விழுந்த அடி

பூதலூர் பக்கம் எங்கள் ஊர். வாய்க்கால் கரையில் மேய்ந்த கொழுந்தனாரின் பசுவை ஒரு வெறிநாய் மூக்கில் கவ்விக் கிழித்தது. விலக்கப் போன என் கணவரையும் கடித்தது. கொழுந்தனார் மண்வெட்டியால் நாயை அடித்தார். அது செத்த பிறகும் ஆத்திரம் தீராமல், மண்டை கூழாகும்வரை அடித்தார்.

கணவருக்கும் பசுவுக்கும் ஊசி தொடங்கினார்கள். நாயின் மூளையைப் பரிசோதிக்க வேண்டும் என்றார் கால்நடை மருத்துவர். கிடைத்ததை அனுப்பினோம். ‘பரிசோதிக்க இயலவில்லை’ என்று முடிவு வந்தது.

“நோய் இல்லேன்னுதானே அர்த்தம்? இனிமே ஊசி எதுக்குண்ணே?” என்றார் கொழுந்தனார். கணவரும் தலையாட்டினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. மருத்துவருக்குப் போன் செய்தேன்.

“மூளை சிதைஞ்சு போச்சும்மா, பார்க்கவே முடியலை. நோய் இல்லேன்னு யாரு சொன்னா? ஒரு ஊசியைக்கூட விடாதீங்க.”

சண்டை போட்டுக் கணவரை இழுத்துப் போனேன். கொழுந்தனார் மட்டும் பசுவுக்கு ஊசியை நிறுத்திவிட்டார்.

சில வாரங்களில் அந்தப் பசு சுவரை முட்டி முட்டிக் கொம்பு முறிந்து, ரத்தம் வழியக் கதறிச் செத்தது. அதன் மூளையைப் பரிசோதித்ததில் வெறிநோய் உறுதியானது. கணவர் நலமாக இருக்கிறார்.

இப்போதெல்லாம் எந்தப் பரிசோதனை முடிவையும் மருத்துவரிடம் கேட்காமல் நான் நம்புவதில்லை. தெருவில் வெறிநாயை விரட்டிக்கொண்டு யார் ஓடினாலும், நான் பின்னாலேயே ஓடிக் கத்துகிறேன்: “தலையில மட்டும் அடிக்காதீங்க!”