ரதிதேவியும் சஷ்டிப் பூனைக்குட்டியும்

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுத வராதவள், மிருக வைத்தியத் தாதிப் பரீட்சையில் சித்தியடைந்தாள். நாயைக் கண்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவள், கடிக்கிற நாய்க்கு நகம் வெட்டினாள். நாற்பத்தொரு வயதில், மூன்றாம் முறை கார் ஓடிக் காட்டி லைசென்ஸ் எடுத்தாள். அவள் என் தங்கை ரதிதேவி. எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு பூனைக்குட்டியின் வயிற்றோட்டம்.

1987இல் அவள் நியூ லின் என்ற புறநகரில் ஒரு மிருக வைத்தியசாலையில் கூடு கழுவினாள். மாசி என்ற பக்கத்துப் புறநகரிலிருந்து செல்வநாயகி அக்கா வயிற்றோட்டம் பிடித்த இரண்டு மாதக் குட்டியொன்றைக் கொண்டுவந்தார். கணவருக்கு விசா கிடைக்காமல் தனியே இருந்தவருக்கு அதுதான் துணை. சனிக்கிழமை டொக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். சாப்பாட்டை மாற்றினீர்களா என்று கேட்டதற்கு அக்கா இல்லை என்றார். அங்கே ஒக்டோபரில் வரும் லேபர் டே விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமை திரும்ப வந்தபோது குட்டியால் தலை தூக்க முடியவில்லை. பிடரித் தோலை இழுத்துவிட்டால் அது அப்படியே நின்றது. உடம்பில் நீர் வற்றியதற்கு அது அடையாளம். மலத்தில் புழு முட்டை இல்லை. இன்றைக்குத் தாங்குமா தெரியாது என்றார் டொக்டர்.

குட்டியின் மலத் தட்டைக் கழுவ எடுத்த ரதி நின்றாள். மலம் தண்ணீராக, புளித்த பால் மணத்தோடு இருந்தது. அன்று கந்தசஷ்டி ஐந்தாம் நாள். அவளும் விரதம். அங்கே செல்வநாயகி அக்காவோடு நடந்த பேச்சை அன்றே எனக்குச் சொன்னாள்.

"அக்கா, வீட்டில இப்ப மீன், மச்சம் ஒண்டும் இல்லைத்தானே?"

"சஷ்டியில ஆர் சமைப்பினம்?"

"அப்ப குட்டிக்கு?"

"பால்தான். பாவம் எண்டு நிறைய ஊத்தினன். முந்தியும் மீனோட ஒரு வாய் குடிக்கிறதுதானே. இது சாப்பாடு மாத்தினதோ?"

"நீங்கள் விரதம் பிடியுங்கோ. அதையும் ஏன் பிடிக்க வைச்சனீங்கள்?"

அரைகுறை ஆங்கிலத்தில் ரதி டொக்டரிடம் விளக்கினாள். பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, அதுமட்டும் என்றால் குடல் தாங்காது என்று சொல்லி அவர் பாலை நிறுத்தினார். தோலுக்கடியில் ஊசியால் நீர் ஏற்றினார்கள். சுடுநீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். மறுநாள் உப்பில்லாமல் அவித்த கோழியும் சோறும், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை. கோழியை அவித்துப் பிய்த்தவள் பட்டினியாக நின்ற ரதி.

"உன்ரை விரதம்?" என்றார் அக்கா.

"நான் தின்னேல்லையே, அக்கா."

வியாழக்கிழமை மலம் இறுகியது. எவ்வளவு தின்றது, எத்தனை முறை போனது என்று ரதி துண்டுக் காகிதத்தில் குறித்திருந்தாள். டொக்டர் அதை வாசித்துவிட்டு, சிகிச்சை அட்டையை அவளிடம் நீட்டினார். கண்டுபிடித்தவளே எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றார். அதுவரை தாதிகள் மட்டுமே கையெழுத்திட்ட அட்டை அது.

விரதம் முடிந்த அக்கா குட்டியைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போனார். அட்டையின் பிரதி என்னிடம் இருக்கிறது. ரதிதேவி என்ற கையெழுத்துக்குப் பக்கத்தில் திகதி: 29 ஒக்டோபர் 1987.